"சரி மேடம்" என்று எழுந்து போகிறவரைக் கேட்பது எப்படி? புதிதாக யூனிட் பொறுப்பேற்கும் மருத்துவர்களுக்கு

பொது மருத்துவத் துறையில் யூனிட் சீஃப், அதாவது ஒரு மருத்துவக் குழுவின் தலைவர், ஆகி மூன்றாவது வாரம். ஓ.பி. முடிந்து மணி இரண்டரை. உதவிப் பேராசிரியர் ஒருவர் என் அறை வாசலில் நின்று, "ஐந்து நிமிடம் பேசலாமா, மேடம்?" என்றார். இரவு டியூட்டியில் எந்த முடிவும் உறுதியாக எடுக்க முடியவில்லை, பார்த்த நோயாளியையே இரண்டு மூன்று முறை திரும்பப் போய்ப் பார்க்கிறேன் என்று தொடங்கினார். கையெழுத்துக்குக் காத்திருந்த கோப்புகளைப் புரட்டிக்கொண்டே மூன்று யோசனைகள் சொன்னேன். குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள். "சரி மேடம்" என்று எழுந்து போனார்.

நான்கு நிமிடத்தில் ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் நீண்ட விடுப்பில் போனபோதுதான் உண்மை தெரிந்தது. அவர் கவனிப்பில் இருந்த இளைஞர் ஒருவர் ஓர் இரவில் விடிவதற்குள் இறந்திருந்தார். அதைத்தான் அன்று சொல்ல வந்திருக்கிறார். நான் இடம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பகுதிநேரமாக ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்) உளவியல் படித்தேன். படித்ததில் எது வார்டில் பயன்பட்டது என்பதை, இப்போதுதான் பொறுப்புக்கு வந்திருக்கும் இளைய சக மருத்துவர்களுக்காக எழுதுகிறேன். இதில் வருகிறவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். நம் மருத்துவமனைகளில் "சரி சார்", "சரி மேடம்" என்பது சம்மதம் ஆகாது. பேச்சை மரியாதையாக முடித்துக்கொள்ளும் வழி அது. பேச வந்தவர் அதைச் சொல்லிவிட்டால், அவர் கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார் என்று பொருள்.

நமக்கு இது ஏன் கடினம்? முறையீட்டைக் கேள், காரணத்தைக் கண்டுபிடி, மருந்தை எழுது என்று பத்து வருடம் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். நிமோனியாவுக்கு அது சரி. சக மருத்துவரின் குழப்பத்துக்கு அது பொருந்தாது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், மதுப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து 1983-இல் ஊக்க நேர்காணல் என்ற முறையை முன்வைத்தார். பின்னர் ஸ்டீபன் ரோல்நிக்கும் அவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். உதவ வந்தவருக்குள் எழும் "உடனே சரிசெய்துவிட வேண்டும்" என்ற அனிச்சையை அவர்கள் பெரிய தடையாகக் கண்டார்கள். இரண்டு மனமாக இருப்பவரை நீங்கள் ஒரு பக்கம் தள்ளினால், அவர் மறுபக்கத்துக்காக வாதாடத் தொடங்குவார். வாதாட வாதாட அந்தப் பக்கமே உறுதிப்படும். மருத்துவத் தலைமையில் இருப்பவர் கற்க வேண்டியவற்றில் பாதி இந்த அனிச்சையை அடக்குவதுதான் என்பது என் எண்ணம்.

ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லே நமக்கு வழி காட்டுகிறது. ஆறு என்றால் வழி. பழைய ஆற்றுப்படைப் பாட்டுகளில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் வறிய பாணனிடம் எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்வான். நடக்க வேண்டியவன் எதிரே வந்தவன்தான்.

எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

ஆற்றுப்படுத்துநரிடம் போகிறவர் அவரிடம் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை. உங்களிடம் வருகிறவர் கேட்க வேண்டும். டியூட்டிப் பட்டியலும் ஆய்வேட்டுக் கையெழுத்தும் உங்கள் கையில் இருக்கின்றன. அதனால் நீங்கள் அவருடைய ஆற்றுப்படுத்துநர் ஆக முடியாது, ஆகவும் கூடாது. அந்தத் துறையின் திறன்களைக் கடன் வாங்கி, வேலை சார்ந்த சிக்கலை அவரே யோசித்துத் தீர்க்கத் துணை நிற்கலாம். மணவாழ்க்கை, பெற்றோர், பழைய மனச்சோர்வு எல்லாம் பேச்சில் வரும். வந்தால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், தோண்டாதீர்கள்.

பேச்சு தொடங்கும்போது நான் ஏறத்தாழ இப்படிச் சொல்வேன்: "நீங்கள் சொல்வதை நான் வெளியே சொல்ல மாட்டேன். நோயாளிக்கு ஆபத்து, உங்கள் உயிருக்கு ஆபத்து, பாலியல் தொல்லை போலச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டிய விஷயம், இந்த மூன்றை மட்டும் என்னால் எனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அப்படி வந்தால் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவேன்." மூன்றாவதைப் பற்றி இன்னொரு சொல். பாலியல் தொல்லைப் புகாரை அறைக்குள் பேசித் தீர்த்துவைக்க முயலாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உள்ளகப் புகார்க் குழுவின் வேலை. புகார் கொடுக்க விரும்புகிறவருக்குத் துணையாக நிற்பது மட்டுமே உங்கள் வேலை.

"எதுவும் வெளியே போகாது" என்று மொத்தமாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அன்று மாலைக்குள் வார்டு முழுவதும் தெரிந்துவிடும். அடுத்த சில வருடங்களுக்கு ஒருவரும் உங்கள் அறைக்கு வர மாட்டார்கள்.

இடம், நேரம்

ரவுண்ட்ஸில், வராந்தாவில், லிஃப்ட் வாசலில் இந்தப் பேச்சு வேண்டாம். இரவு டியூட்டி முடித்து வந்தவரைக் காலை எட்டு மணிக்கு உட்காரவைக்காதீர்கள். அவருக்கு முதல் தேவை தூக்கம். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அறை உதவியாளரிடம் கோப்புகளைப் பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள். கைபேசியை இன்னொருவரிடம் கொடுத்து, அவசர அழைப்புகளை அவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். மேசைக்குக் குறுக்கே உட்காராமல் நாற்காலியை மேசையின் பக்கவாட்டில் போடுங்கள். ஆண் சீஃப், இளம் பெண் மருத்துவர் என்றால், வெளியிலிருந்து பார்க்க முடிகிற, ஆனால் குரல் வெளியே கேட்காத இடமாக இருக்கட்டும். இருவருக்குமே அது நிம்மதி.

முதல் கேள்வி: "இந்த அரை மணியில் எதைப் பேசினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" இது பேச்சை அவர் கையில் கொடுத்துவிடுகிறது.

கேட்பது

1984-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கலும் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். தாம் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம் பேர்தான். நோயாளியிடம் இருக்கும் இந்தப் பழக்கம் சக மருத்துவரிடம் மட்டும் மாறிவிடாது. ஆகவே முதல் பயிற்சி: அவர் பேசத் தொடங்கியதும் இரண்டு நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். சுவர்க் கடிகாரம் உங்கள் கண்ணில் படும்படி உட்காருங்கள். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அப்போது தெரியும்.

அடுத்தது எதிரொலித்தல். அவர் சொன்னதில் கனமான பகுதியை அவர் முன்னால் திரும்ப வைப்பது. கேள்வியாக வேண்டாம், அறிவுரையாகவும் வேண்டாம். ஒரு சிறிய வாக்கியம் போதும். இதைத் தமிழில் செய்யும்போது கவனம் தேவை. நம் மக்கள், மருத்துவர்கள் உட்பட, உணர்ச்சியின் பெயரைச் சொல்லிப் பேசுவது குறைவு. "டென்ஷனாக இருக்கிறது", "ஒரு மாதிரியாக இருக்கிறது", "மனசு சரியில்லை" என்பார்கள். அல்லது உடம்பில் சொல்வார்கள்: நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. உடனே "உங்களுக்குப் பதற்றக் கோளாறு இருக்கலாம்" என்று பாடப்புத்தக மொழிக்கு மாற்றிவிடாதீர்கள். அவர் "நெஞ்சு அடைக்கிறது" என்றால், "டியூட்டி அறைக்குள் போகும்போதே நெஞ்சு அடைக்கிறது" என்று அவர் சொல்லையே வைத்துப் பேசுங்கள். அவர் சொல்லில் அவருடைய வாழ்க்கை இருக்கிறது.

ஒருமுறை பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர் வந்தார்.

"இந்த யூனிட்டில் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை, மேடம்."

"அப்படியெல்லாம் ஒன்றுமில்லைம்மா, நீயாக நினைத்துக்கொள்கிறாய்" என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆறுதல் சொல்வதாக நினைத்து நாம் எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்கு ஒரே பதில்தான் உண்டு: "சரி மேடம்." அதனால் அடக்கிக்கொண்டு, "தனியாக நிற்பது போல இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாம் மேடம். போன வெள்ளிக்கிழமை கேஸ் பிரசன்டேஷனில் நான் தப்பாகச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரோடும் சாப்பிடக்கூடப் போவதில்லை."

"அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது."

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. பத்து விநாடி இருக்கும். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்களும் சிரித்தீர்கள், மேடம்."

இந்த இடத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. "நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை" என்று தொடங்கினால் அவள் இனி எதையும் சொல்ல மாட்டாள். "ஆமாம், சிரித்தேன். அது தப்பு. உன்னை எவ்வளவு வலிக்கச் செய்தது என்று இப்போதுதான் தெரிகிறது" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை பிரசன்டேஷன் தொடங்கும் முன், எல்லோர் முன்னிலையிலும், போன வாரம் நான் சிரித்தது தவறு என்று சொன்னேன். அதைச் சொல்லலாமா என்று அவளிடம் முன்பே கேட்டுக்கொண்டேன்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் மாறுவதற்கு உதவுகிறவரிடம் என்ன இருக்க வேண்டும் என்று வரையறுத்தார். அவற்றில் மூன்றை இன்றும் அடிப்படையாகக் கற்பிக்கிறார்கள்: எதிரே இருப்பவர் உலகத்தை அவர் கண்ணால் பார்க்கும் ஒத்துணர்வு, அவரை அளந்து பார்க்காமல் மதிப்பது, வேடமில்லாமல் உண்மையாக இருப்பது. படிக்கும்போது மூன்றாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாணவிக்குப் பிறகு, அதிகாரத்தில் இருப்பவருக்கு மூன்றில் கடினமானது அதுதான் என்று நம்புகிறேன். ஒத்துணர்வு என்பது ஒப்புதல் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவள் நோயறிதலில் செய்த பிழை பிழைதான். அதைத் தனியாக, வேறொரு நாள் உட்கார்ந்து திருத்தினோம்.

"ஏன்" என்ற கேள்வியை ஒரு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். தமிழில், மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துக் கேட்கும் "ஏன்" மெமோவின் முதல் வரிபோல ஒலிக்கிறது. "ஏன் தாமதம்?", "ஏன் கூப்பிடவில்லை?" என்றால் பதிலாகக் காரணம் வராது, தற்காப்பு வரும். "கூப்பிட நினைத்தபோது எது தடுத்தது?", "அந்த நேரத்தில் வார்டில் என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலின் நீளமே வித்தியாசத்தைக் காட்டும்.

அறிவுரை கேட்டு வந்தால்?

"நீங்களே சொல்லுங்கள், என்ன செய்வது?" என்று நேராகக் கேட்பார்கள். சொல்லவே கூடாது என்று சில பயிற்சிகளில் கற்பிக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. செப்சிஸ் நோயாளிக்கு எந்த மருந்தை முதலில் போடுவது என்று கேட்கிறவரிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது கொடுமை. மருத்துவ அறிவு தேவைப்பட்டால் கற்றுக்கொடுங்கள். தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவு என்றால் பொறுங்கள். "எனக்குத் தோன்றுவதைச் சொல்லலாமா? உங்களுக்குப் பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்று அனுமதி கேட்டு, ஒன்றைச் சொல்லி, "இது எப்படிப் படுகிறது?" என்று திரும்பக் கேளுங்கள்.

மாற விரும்பாதவரோடு

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மூத்த உதவிப் பேராசிரியர். திறமையானவர். செவிலியர்களிடம் சத்தம் போடுவார். புகார் வந்திருந்தது. "நீங்கள் சத்தம் போடக் கூடாது" என்று முன்பிருந்தவர்கள் பலமுறை சொல்லியிருந்தார்கள். அவர் கையில் பதில்கள் தயாராக இருந்தன: பணியாளர் பற்றாக்குறை, பொறுப்பின்மை, உயிர் போகும் நேரத்தில் மென்மையாகப் பேச முடியாது.

நான் எண் கேட்டேன். இந்த அளவுகோல் கேள்வி, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உளச் சிகிச்சையாளர்கள் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய தீர்வு நோக்கிய முறையில் முக்கியமான கருவி. ஊக்க நேர்காணலிலும் உண்டு.

"சிஸ்டர்களிடம் பேசும் விதத்தை மாற்றுவது உங்களுக்கு இப்போது எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள், டாக்டர்."

"நான்கு, மேடம்."

"ஒன்று, இரண்டு என்று சொல்லாமல் நான்கு என்றீர்கள். அந்த நான்கில் என்ன இருக்கிறது?"

சற்று யோசித்தார். "போன மாதம் ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தது. ரிப்போர்ட் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சிஸ்டர் என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார்."

இதை நான் சொல்லியிருந்தால் மறுத்திருப்பார். அவர் வாயால் வந்ததால் அது அவருடையதாகிவிட்டது. "நான்கு ஏன் பத்தாக இல்லை?" என்று கேட்டிருந்தால், சத்தம் போடுவதற்கான நியாயங்களை வரிசையாக அடுக்கியிருப்பார். கேள்வியை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது. (அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகள் கூடுதலாக நடந்தன என்பது அதன் பொருள் ஆகாது. பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவருடைய விளக்கம். இதை அந்த மூத்த உதவிப் பேராசிரியரிடம் அன்று சொல்லவில்லை; அவரே அங்கே வந்துவிட்டார்.)

அடுத்து விதிவிலக்கைத் தேடினோம். கோபம் வந்தும் சத்தம் போடாமல் கடந்துபோன இரவு ஏதாவது உண்டா? உண்டு. பணி ஒப்படைப்பின்போது பொறுப்புச் செவிலியரோடு நின்று, மிக மோசமாக இருந்த மூன்று நோயாளிகளைப் பற்றி முன்கூட்டியே பேசிவைத்த இரவுகள். அப்போது நடுராத்திரியில் அதிர்ச்சி குறைவாக இருந்திருக்கிறது. "அதை அடுத்த வாரம் எத்தனை இரவுகள் செய்து பார்ப்பீர்கள்?" என்றேன். "மூன்று" என்றார். திங்கட்கிழமை பத்து நிமிடம் சந்திப்பது என்று முடித்தோம். அன்று அவர் "சரி மேடம்" என்று சொல்லவில்லை. "இரண்டாவது இரவே முடியாமல் போகலாம், அப்படியானால் அதையும் வந்து சொல்கிறேன்" என்றார்.

கோச்சிங் வகுப்புகளில் ஜான் விட்மோர் பரப்பிய நான்கு படிகளைச் சொல்லித் தருவார்கள்: இலக்கு, இப்போதைய நிலைமை, இருக்கும் வழிகள், செய்யப்போவது. எளிது, மனத்தில் நிற்கும், பயன்படுத்துங்கள். ஆனால் கேட்காமல் அந்தப் படிகளில் ஏறினால் அது இன்னொரு படிவத்தை நிரப்புவது போலாகிவிடும்.

ஒரு மரணத்துக்குப் பிறகு

நான் மிக அதிகம் வருந்தியதும் கற்றதும் இங்கேதான். பிழையோ, பிழை என்ற சந்தேகமோ, எதிர்பாராத மரணமோ நடந்த பிறகு மருத்துவரும் காயப்படுகிறார். அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியபோது அவரை "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்றார். பாதிக்கப்பட்ட நோயாளிகளின் குடும்பத்தார் சிலர் இந்தச் சொல்லை எதிர்த்திருக்கிறார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சொல்லை விட்டுவிடலாம். காயம் உண்மை.

செய்ய வேண்டியவை எளியவை. அன்றைக்கே நேரில் போய்ப் பாருங்கள். "ராத்திரி நடந்ததைக் கேள்விப்பட்டேன். எப்படி இருக்கிறீர்கள்?" என்பது போதும். சாப்பிட்டாரா என்று பாருங்கள். டியூட்டியைத் தொடர முடியுமா என்று அவரையே கேளுங்கள். "முடியாது" என்றால் மாற்று ஏற்பாடு உங்கள் பொறுப்பு. "தொடர்கிறேன்" என்பவரை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பினால் அதையே தண்டனையாக எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு எப்படிப் போகிறார் என்று கேளுங்கள். தூக்கமில்லாமல், கலங்கிய மனதோடு பைக் ஓட்ட வேண்டாம். மறுநாள் நீங்களே கூப்பிடுங்கள்.

உட்காரவைத்து எல்லாவற்றையும் அன்றே கொட்டச் சொல்லாதீர்கள். சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை பிந்தைய மன அதிர்ச்சிக் கோளாறைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால், அவருக்கு வேண்டிய நாளில் வருவார். உங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்ல விரும்பினால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். "என் இரண்டாம் வருடத்தில் ஒரு நோயாளியை இழந்தேன். பல வாரம் தூங்கவில்லை." அங்கேயே நிறுத்துங்கள். நீட்டினால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்.

என்ன தவறு நடந்தது என்ற விசாரணை வேறு நாள், வேறு இடம். இறப்புத் தணிக்கைக் கூட்டத்தில் அவர் தனியாக எழுந்து நின்று பதில் சொல்லும்படி விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். "யார் செய்தது?" என்பதற்கு முன் "அன்றிரவு எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர் இருந்தார்கள்?" என்ற கேள்வியை நீங்களே எழுப்புங்கள். அதே நேரம், இறந்தவரின் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லும் கடமை குறையாது. சக மருத்துவரைத் தாங்குவது உண்மையை மறைப்பதாகிவிடக் கூடாது.

கண்டிக்க வேண்டிய நாளில்

எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியாது. டியூட்டி நேரத்தில் வார்டில் இல்லாதவர், கேஸ் ஷீட்டில் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவர், குடித்துவிட்டு வந்தவர் ஆகியோருக்கு விதிப்படி நடவடிக்கை வேண்டும். அப்போது குரலை மென்மையாக்கி, ஆற்றுப்படுத்தல் மொழியில் தண்டனையைச் சொல்லாதீர்கள், அது ஏமாற்றுவது. "இப்போது யூனிட் சீஃப் என்ற முறையில் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு, நடந்தது என்ன, விதி என்ன, அடுத்து என்ன என்று மூன்றே வரியில் முடியுங்கள். பேச்சு முடிந்து ஒரு வாரம் கழித்து, "இப்போது வேறு மாதிரி பேசலாமா?" என்று கூப்பிடலாம். முன்பு நம்பிச் சொன்ன எதையும் மெமோவில் பயன்படுத்தாதீர்கள். அந்தரங்கமாகப் பேசியதைக் குறிப்பெடுத்துப் பணிக் கோப்பில் வைக்காதீர்கள். நான் எழுதிவைப்பது தேதியும், அவர் செய்வதாகச் சொன்ன அடுத்த படியும் மட்டும்.

பட்டியலை மாற்ற வேண்டிய இடத்தில்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவாக விளக்கியது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், திறன் குறைந்ததாக உணர்தல் என்று மூன்று அடையாளங்கள். 36 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவரிடம் எதிரொலித்தல் செய்து என்ன பயன்? பயிற்சியில் இருக்கும் ரெசிடன்ட் மருத்துவர்களுக்கான மத்திய அரசின் 1992-ஆம் ஆண்டு உத்தரவே, தொடர் பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் சொன்னது. வார்டுகளில் நடப்பது நமக்குத் தெரியும். ஒரே குறையை மூன்று பேர் உங்களிடம் தனித்தனியாகச் சொன்னால், அது மூவரின் மனப் பிரச்சினை ஆகாது. பெயர்களைச் சொல்லாமல், எண்ணிக்கையோடு துறைத் தலைவரிடமும் டீனிடமும் எழுதிக் கொடுங்கள். டியூட்டிப் பட்டியலை மாற்ற வேண்டிய இடத்தில் மனதை மாற்றச் சொல்வது நம் இளையவர்களுக்குச் செய்யும் அநீதி.

உயிர் பற்றிய கேள்வி

தூக்கம் போய்விட்டது, எடை குறைகிறது, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறார், "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்கிறார், அல்லது பல வாரக் கலக்கத்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாகிவிட்டார். இவற்றில் எதைக் கண்டாலும் நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சுற்றி வளைத்து "தப்பாக ஏதும் யோசிக்கவில்லையே?" என்று கேட்டால் "இல்லை மேடம்" என்றுதான் பதில் வரும், கேள்வியே அந்தப் பதிலைக் கேட்டு வாங்குகிறது.

"வருகிறது" என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள். மருத்துவர்கள் கையெட்டும் தூரத்தில் மருந்துகள் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். அவற்றை அவர் கையாளாத பணிக்கு மாற்றுங்கள். தனியாக விடாதீர்கள். அவர் நம்பும் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, வரவழையுங்கள். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்களே மாத்திரை எழுதிக் கொடுக்காதீர்கள். சொந்த மருத்துவமனையின் மனநல ஓ.பி.யில் சகாக்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தாலேயே பலர் போவதில்லை. ஆகவே வேறு ஊரிலோ வேறு மருத்துவமனையிலோ உள்ள ஒரு மனநல மருத்துவரோடு முன்பே பேசிவைத்திருங்கள். அவசரம் வந்த பிறகு எண்ணைத் தேடக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் எண் 14416, தமிழிலும் பேசலாம். சென்னையில் சினேகா அமைப்பு 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவருகிறது. டெலி மானஸ் எண்ணையும் சினேகாவின் எண்ணையும் டியூட்டி அறைச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொள்ள வசதியாக, கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள்.

உங்களை யார் கேட்பது?

ஆற்றுப்படுத்துநர்கள் தங்கள் வேலையை இன்னொரு மூத்தவரிடம் கொண்டுபோய்ப் பேசுவது அவர்கள் பயிற்சியிலேயே இருக்கிறது. மருத்துவத்தில் அந்தப் பழக்கம் இல்லை. 1950-களில் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் குடும்ப மருத்துவர்களை வட்டமாக உட்காரவைத்தார். ஒருவர் தன்னை உறுத்தும் நோயாளியைப் பற்றிக் குறிப்பேடு இல்லாமல் சொல்வார். மற்றவர்கள் நோயறிதலைப் பேசாமல், அந்த மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நடப்பதைப் பற்றி யோசிப்பார்கள். இந்தக் குழுக்கள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன.

நாங்கள் ஐந்து யூனிட் சீஃப்கள், வெவ்வேறு துறைகளிலிருந்து, மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கூடுகிறோம். ஒருவர் கொண்டுவரும் உரையாடலைப் பெயர் சொல்லாமல் விவரிப்பார். எங்கே அவசரப்பட்டார், எங்கே பயந்தார், எந்த இடத்தில் அறிவுரை நழுவி விழுந்தது என்று மற்றவர்கள் கேட்பார்கள். முதல் கூட்டத்தில் நான், அன்று "சரி மேடம்" என்று எழுந்து போன உதவிப் பேராசிரியரைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எலும்பு முறிவுத் துறை நண்பர் ஒரு யோசனை சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் இருந்த மயக்கவியல் பேராசிரியர் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து, "அவர் வாசலில் நின்றபோது நீங்கள் கோப்பிலிருந்து தலை நிமிர்ந்திருந்தால், முகத்தில் என்ன தெரிந்திருக்கும்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் அந்த உதவிப் பேராசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். அப்போது அவர் வேறு ஊரில் பணியில் சேர்ந்திருந்தார். அந்த இரவைப் பற்றி அவர் சொல்ல நாற்பது நிமிடம் ஆயிற்று.